வேற அனனியா

சுனாமி வந்துபோன ஐந்தாம் மாதம், மரக்காணம் உப்பளத்துக்குப் புதிதாக ஓர் ஆள் வேலைக்கு வந்தான். மேஸ்திரி மாயவன் பேர் கேட்டபோது, “அனனியா” என்றான்.

உப்பு வாரிக்கொண்டிருந்த சகாயசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். அங்கே சர்ச்சுக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

“எங்க வேதத்துல அனனியான்னு ஒருத்தன் வர்றான். சாமிகிட்டயே பொய் சொல்லிட்டு நின்ன எடத்துலயே செத்து உழுந்தான். எந்தப் பெத்தவ அந்தப் பேர வைப்பா?” என்றாள் பக்கத்திலிருந்த பொன்னியிடம்.

சாப்பாட்டு நேரத்துக்குள் அளம் முழுக்க அது பரவிவிட்டது. அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் தப்பாகத் தெரிந்தது. தனியாகச் சாப்பிட்டான். ஊர் கேட்டால் “கடலூர் பக்கம்” என்பதோடு நிறுத்திக்கொண்டான். ரெக்சின் பையைக் கண் பார்வையிலிருந்து விடவே இல்லை. சகாயசெல்வி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம், தண்ணீர் இறைக்கும் எஞ்சினில் டீசல் குறைந்தது. மறுநாளும் குறைந்தது. மாயவன் யாரையும் விசாரிக்கவில்லை. நேராகப் போய் அந்தப் பையைக் கவிழ்த்தான்.

ஒரு லுங்கி, ஒரு துண்டு, பிளாஸ்டிக் கவரில் மடித்த ஒரு காகிதம். மாயவனுக்குப் படிக்க வராது. காகிதத்தைச் சகாயசெல்வியிடம் நீட்டினான்.

அது சுனாமியில் காணாமல்போனவர்களுக்காகக் கொடுத்த மனுவின் நகல். மீஷாவேல், வயது பத்தொன்பது. அசரியா, வயது பதினாறு. மனு கொடுத்தவர்: அண்ணன் அனனியா.

அனனியா, மீஷாவேல், அசரியா: அதே வேதத்தில், தானியேலோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மூன்று பேர். நெருப்பில் போட்டும் வேகாதவர்கள்.

“தம்பிங்களா?” என்றாள்.

“எங்கம்மா மூணு பேருக்கும் சேத்து வச்ச பேரு,” என்றான் அவன்.

“மேஸ்திரி, நான் சொன்னது இவரு இல்லைங்க. அது வேற அனனியா.”

“இத்தினி நாளா நீதானேம்மா சொன்ன? இப்ப மாத்திப் பேசற! டேய், நீ கெளம்பு.”

அவன் துணியை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு வரப்பில் நடந்தான்.

சாயங்காலம் எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், டீசல் டியூப் வெடித்து அடியில் கசிந்திருப்பதைக் காட்டினான். மணல் கறுத்துக் கிடந்தது. சகாயசெல்வி கால்கூடக் கழுவாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் அவன் உட்கார்ந்திருந்தான். கீழே நின்றபடியே, “டியூப்தாங்க ஓட்ட. மேஸ்திரி வரச் சொல்றாரு. வாங்க,” என்றாள். மேஸ்திரி அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“நெஜமாவா?”

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, பையை வாங்க ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். அவன் பையை எடுத்து அவள் கைக்கு எட்டாமல் மடியில் வைத்துக்கொண்டான். கண்டக்டர் விசில் அடித்தார்.