பெருமாள்சாமிக்கு மௌனம்

காக்ஸ் டவுனில் வள்ளியம்மாவின் வீடு. கணவரை இழந்த பெண்களைப் பற்றிய ஆவணப்படம். இயக்கமும் கேமராவும் கிருத்திகா. ஒலிப்பதிவு நான்.

தொடங்குமுன் வள்ளியம்மா ஒன்று கேட்டார். “எங்க வூட்டுக்காரரு ஜாலியான ஆளு. நான் அழுதுகினே கெடக்குற மாதிரி காட்டிடாதீங்க மேடம்.”

கிருத்திகா தலையாட்டினாள். ஆனால் கேள்விகளெல்லாம் அழுகையைத் தேடியே போயின. வள்ளியம்மா அழவில்லை.

பேட்டி முடிந்ததும், யாரும் பேசாத அறையின் சத்தத்தைக் கொஞ்சம் பதிவு செய்வது வழக்கம். வெட்டி ஒட்டும்போது உதவும். மின்விசிறியை நிறுத்தினேன்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா இருங்க.”

வள்ளியம்மா எழுந்தார். சுவரில் இருந்த கணவர் பெருமாள்சாமியின் படத்தைப் பார்த்துத் திரும்பி, தலைகுனிந்து நின்றார். பக்கத்து வீட்டு ஆஞ்சலாவும் முக்காடு போட்டுக்கொண்டு எழுந்தார். மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள். பதிவு ஓடியதால் நான் வாய் திறக்கவில்லை. கிருத்திகா கேமராவை அணைக்கவில்லை.

என் மனைவி லாவண்யா இறந்தபோது அலுவலகத்தில் இப்படித்தான் நின்றார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வள்ளியம்மாவின் தோள் குலுங்கியது. கிருத்திகாவின் கண் கலங்கியது. பிறகு வெடித்தது, சிரிப்பு.

“ஐயோ ஆஞ்சலாக்கா! இந்தாளுக்குப் போயி மௌனமா! டிவியில நியூஸ் படிக்கிற பொண்ணு வணக்கம் சொன்னா, இவரும் வணக்கம் சொல்லிட்டு அதுங்கூட சண்ட போடுவாரே!”

“தூக்கத்துலயும் போடுவான்டி. செவுத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேக்கும். பேஜாரு புடிச்சவன்!”

எனக்கும் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வெளியேறியது.

படத்தொகுப்பில், தோள் குலுங்கும் இடத்தோடு கிருத்திகா வெட்டியிருந்தாள். பின்னால் மெல்லிய வீணை. பார்ப்பவர்கள் நிச்சயம் அழுவார்கள்.

“இது அழுகை இல்ல,” என்றேன்.

“தோள் குலுங்கினது நெஜம்தானே? நான் எதையும் சேர்க்கலையே.”

“அடுத்த நொடியை வெட்டிட்டீங்க. அந்தம்மாகிட்ட போட்டுக் காட்டுங்க. அவங்க சரின்னா நான் பேசல.”

வள்ளியம்மாவும் ஆஞ்சலாவும் வந்தார்கள். திரை ஓடியது.

“யாருக்கா இது, பாவம், இப்படி அழுவுது?” என்றார் வள்ளியம்மா.

“நீதான்டி!”

“நானா? நான் எப்ப அழுதேன்?” அவர் கிருத்திகாவைப் பார்த்தார். “சொன்னேனே மேடம்.”

கிருத்திகா வெட்டாத காட்சியைப் போட்டாள். இருவரும் திரையில் சிரிக்கும் தங்களைப் பார்த்து, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கிருத்திகாவும் சேர்ந்துகொண்டாள். வீணையை நீக்கினாள். என் மூக்குச் சத்தத்தையும் நீக்கப் போனாள்.

“அத வுட்ருங்க மேடம்,” என்றார் வள்ளியம்மா. “பன்னி உறுமுற மாதிரி நல்லாத்தான் கீது.”