ஐந்து வயதுப் பெண்ணைக் காணோம்

படியேறும்போது பாவாடையைத் தூக்கிப் பிடிக்க மிரனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நடந்தது அவ்வளவுதான். நாலே படி. ஏறி முடித்துத் திரும்பிக் கையை நீட்டினால், மூத்தவன் யூன்ஜே நிற்கிறான். சின்னவள் ஆரினைக் காணோம்.

மே ஐந்து, குழந்தைகள் தினம். ஜொன்ஜு நகரத்துப் பழைய ஓட்டுவீட்டுத் தெருக்களில் எள் விழ இடமில்லை. ஊர் சுற்ற வந்தால் ஹன்போக் என்னும் பழங்காலத்து உடையை உடுத்திக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ, சந்துக்கு ஒரு வாடகைக் கடை. ஆரினுக்கு மஞ்சள் சட்டையும் சிவப்புப் பாவாடையும் கட்டிவிட்ட கடைக்காரி, காலையிலிருந்து ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு அதையேதான் கட்டி அனுப்பியிருந்தாள்.

"யூன்ஜே அப்பா, ஆரின் உங்ககிட்டயா இருக்கா?"

படம் எடுத்துக்கொண்டிருந்த புருஷன் கியுசிக் நிமிர்ந்தான். "உன் கையிலதானே இருந்தா?"

"என் கையில இருந்தா உங்களை எதுக்குக் கேக்கறேன்?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஓடைப் பக்கம் போயிருப்பாளோ" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். பையோடு ஓடினான். ஹன்போக்கில் ஏது பாக்கெட்? மிரனின் போனும் அந்தப் பையில்தான் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போகத் தோன்றியதா அந்த மனுஷனுக்கு? தோன்றவில்லை.

மிரன் யூன்ஜேயை இழுத்துக்கொண்டு ஒரு மஞ்சள் சட்டைக்குப் பின்னால் ஓடினாள். சந்து முழுக்கத் துரத்திப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினால், வேறொரு பிள்ளை. அதன் அம்மா இவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் திரும்பினாள்.

கோயில் வாசலில் கையில் வாக்கிடாக்கியோடு ஒரு கிழக் காவலாளி நின்றிருந்தார்.

"ஐயா, எம்பொண்ணைக் காணோம். அஞ்சு வயசு. மஞ்சள் சட்டை, சிவப்புப் பாவாடை."

"இங்கயே ஏழெட்டு மஞ்சள் சட்டை நிக்குதேம்மா. பதறாதீங்க, கேப்போம்." வாக்கிடாக்கியை வாயருகே வைத்தார். "தகவல் நிலையம். அஞ்சு வயசுப் பொண்ணு, மஞ்சள் சட்டை. அங்க வந்திருக்கா?"

கரகரப்புக்கு நடுவே ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது. "மஞ்சள் சட்டையில ஒண்ணு இருக்கு ஐயா. ஆனா இது மூணு வயசு. பேரு கேட்டா வாயே திறக்கல. வயசு கேட்டா மட்டும் மூணு விரலைக் காட்டுது."

கிழவர் வாக்கிடாக்கியை மிரனிடம் நீட்டினார். கூட்டத்தின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று மிரன் உரக்கவே சொன்னாள். "இல்லைங்க, அது எம்பொண்ணு இல்ல. எம்பொண்ணுக்கு அஞ்சு வயசு. அது வேற யாரோ பெத்த பிள்ளை."

தகவல் நிலையம் ஊரின் மறுகோடியில். ஒரு தடவை தப்பான பிள்ளைக்குப் பின்னால் ஓடிய ஓட்டம் போதும். அவ்வளவு தூரம் போய் வருவதற்குள் ஆரின் ஓடையில் இறங்கிவிட்டால்? பஸ் போகும் ரோட்டுக்கு வந்துவிட்டால்? மூன்று வயசுப் பிள்ளையை எந்த மகராசி தொலைத்துவிட்டு நிற்கிறாளோ என்று அந்தப் பதற்றத்திலும் ஒரு கணம் பாவப்பட்டாள்.

மூங்கில் தோப்பில் தேடினாள். தின்பண்டக் கடை வரிசைகளில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். தெரியாதவர்களிடம் பேசாதே, பேரைச் சொல்லாதே என்று பிள்ளைக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இப்போது யார் கையைப் பிடித்து இழுத்தாலும் அது வாயைத் திறக்காமல்தானே போகும்? யூன்ஜே அழத் தொடங்கியிருந்தான். பார்த்த இடத்தையே மூன்றாம் தரம் பார்த்துவிட்டுக் கிழவரிடமே திரும்பி வந்தாள்.

"இன்னும் தகவல் வரலம்மா" என்றார் அவர். பேச்சுக் கொடுத்தால் கொஞ்சம் தெளிவாள் என்று நினைத்தாரோ என்னவோ, "எந்த வருஷத்துப் பிள்ளை? மாடா?" என்று கேட்டார். வருஷத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர் வைத்து எண்ணுவது அங்கே வழக்கம்.

"எலி வருஷம் ஐயா. வருஷக் கடைசி. டிசம்பர் இருபத்தெட்டு."

கிழவர் விரல் விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, புதுக் கணக்குல அதுக்கு மூணுதானே வரும்?"

மிரனுக்குக் காது அடைத்துவிட்டது.

பழைய கணக்கில் பிறந்த அன்றைக்கே ஒரு வயது, புதுவருஷம் பிறந்தால் இன்னொன்று. அப்படித்தான் ஆரின் பிறந்த ஐந்தாம் நாளே இரண்டு வயதுக்காரி ஆனாள். போன வருஷம் சட்டம் வந்தது, இனிமேல் நிறைந்த வயதுதான் வயது என்று. தேசமே ஒரே நாளில் இளமையாகிவிட்டதாக ஆபீசில் எல்லோரும் கேலி பேசினார்கள், மிரனும் பேசினாள். ஆனால் வீட்டுக்குள் யார் மாற்றினார்கள்? வீட்டில் ஆரினுக்கு ஐந்துதான்.

"ஆமாம்மா" என்றான் யூன்ஜே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவ டீச்சர் மூணுன்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

பாவாடையை முழங்காலுக்கு மேலே வாரிப் பிடித்துக்கொண்டு, மகனை இழுத்துக்கொண்டு, வழியில் நின்றவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

தகவல் நிலையத்து இளம்பெண் எழுந்து நின்றாள். "யாரோ கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போனாங்க. முதல்ல நல்லாத்தாங்க இருந்தா, மிட்டாய்கூடத் தின்னா. வாக்கிடாக்கியில நீங்க பேசினீங்கல்ல, அப்ப டக்குனு எழுந்தா. அப்புறம் அந்த மூலையில போய் உக்காந்தவதான். கரகர சத்தத்துல பயந்துட்டான்னு நினைச்சேன்."

மூலையில், சுவரைப் பார்த்தபடி, ஆரின்.

"ஆரின், அம்மா வந்துட்டேன்டா."

பிள்ளை திரும்பியது. ஓடி வரவில்லை. மிரன் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அப்போதும் அது எழுந்திருக்கவில்லை. உதடு துடிக்க, அம்மாவின் முகத்தையே பார்த்தது. பழக்கத்தில் மூன்று விரல் மேலே வந்தது. சட்டென்று அதை மடக்கிக்கொண்டு, ஐந்து விரலையும் அகல விரித்துக் காட்டியது.

"எனக்கு அஞ்சும்மா" என்றாள் ஆரின். "நான் உன் பொண்ணுதாம்மா."