தம்பியின் இருநூற்றுப் பதினாறு மெயில்கள்

கணுக்கால் எலும்பு முறிந்து அவள் வீட்டில் கிடந்த இரண்டு மாதத்தில், அவள் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகம் பழைய மெயில்களை எல்லாம் துடைத்துவிட்டது. வேறு ஏதோ விஷயமாகப் போன் செய்த கம்ப்யூட்டர் பிரிவுக்காரர், பேச்சோடு பேச்சாகத்தான் அதைச் சொன்னார்.

"மூணு வருஷத்துக்கு முந்தினது எதுவும் இனிமே சர்வர்ல இருக்காது மேடம்."

 அவள் தம்பி எழுதியதெல்லாம் அந்த அலுவலக முகவரிக்குத்தான். வெளிநாட்டில் கிரேன் ஓட்டியவன். போனில் பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் வராது, எழுத உட்கார்ந்தால் நிறுத்த மாட்டான். கிரேன் சாய்ந்து அவன் போய் நாலு வருஷம். மொத்தம் இருநூற்றுப் பதினாறு மெயில். பார்வை மங்கிப்போன அம்மாவுக்கு ஞாயிறுதோறும் அவள் ஒன்று வாசிப்பாள். வெளியே அனுப்ப அலுவலகத்தில் வழியில்லை. வேறெப்படியாவது எடுத்து வைக்கவேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டே இருந்தாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாம் இருந்தன.

"இங்க இருக்கே சார்."

"அது உங்க லேப்டாப்புல இருக்கற நகல். ரெண்டு மாசமா நெட் படாததால தப்பிச்சிருக்கு. சர்வர்ல அழிச்சது அதுக்கு இன்னும் தெரியாது. நெட் கிடைச்ச உடனே தெரிஞ்சுடும், இங்கயும் அழிச்சுடும். திங்கட்கிழமை நானே வந்து தனி ஃபைலா எடுத்துத் தரேன். அதுவரைக்கும் இணைக்காதீங்க."

வீட்டு வைஃபையில் அந்த லேப்டாப்பை அவள் இணைத்ததே இல்லை. இனி எதற்குப் பயம் என்று இருந்தாள். அம்மா காதில் விழுந்தால் கலங்கிப்போவாள் என்று கணவனிடம்கூட மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். காலில் கட்டோடு குளித்து முடிக்க அரை மணி நேரமாகும். வெளியே வந்தபோது கணவன் கூடத்தில் புதுப் பிரிண்டரோடு உட்கார்ந்திருந்தான்.

"பெரிய எழுத்துல அடிச்சுக் குடுத்தா அத்தையே படிச்சுப்பாங்கன்னு பார்த்தேன். இந்தப் பிரிண்டருக்கு வயர் கிடையாது. லேப்டாப்பையும் வைஃபைல சேர்த்துட்டேன். என்னமோ திடீர்னு காலியா காட்டுது."

அவள் எட்டிப் பார்த்தாள். தம்பியின் பெயரிட்ட கோப்புறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பிரிண்டர் தட்டில், மை சரியாக விழுகிறதா என்று பார்க்க அடித்த சோதனைத்தாள் ஒன்று கிடந்தது.

அவள் கணவனைத் திட்டவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை வந்தவர் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபைல் இருக்கு மேடம். உள்ள ஒண்ணும் இல்ல." அனுப்பியதெல்லாம் இருக்கும் தம்பியின் மெயில் கணக்கு? அதன் கடவுச்சொல் அவனோடு போயிருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். "வாசிடி."

அவள் காலி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நினைவில் இருந்ததைச் சொன்னாள். முதல் பனி விழுந்த நாள், கிரேன் உச்சியில் கூடு கட்டிய பறவை. இடையில் வார்த்தைகள் நழுவின. தானே இட்டு நிரப்பினாள்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அவன் இப்படி எழுத மாட்டானே" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.