மடித்துத் தைத்த சட்டைக்கை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்கு மேஜிக் காட்ட ஒருவர் வந்திருந்தார். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. என்னை மேடைக்கு அழைத்து, என் மோதிரத்தை வாங்கி, வலது உள்ளங்கையில் மூடினார். திறந்தால் காணோம். உடனே, மடித்துத் தைத்திருந்த இடது சட்டைக்கையை என் முன்னால் நீட்டினார்.

"தொட்டுப் பாருங்க சார்."

"ஐயோ, பரவாயில்லைங்க" என்றேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கொஞ்ச நேரத்தில் மோதிரம் எங்கள் மேலாளரின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்தது. எனக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அவரைக் கதையாக எழுத உட்கார்ந்தேன்.

2

'அந்த விபத்துக்குப் பிறகு அவன் வாழ்க்கை இருண்டு' (அடித்துவிட்டேன். எந்த விபத்து? நான் கேட்கவே இல்லை.)

'தன்னம்பிக்கை மட்டும் இருந்தால் ஒரு கையாலும்' (சீ, இது பள்ளிக்கூடச் சுவரில் எழுதுவது.)

அவனுக்குக் கோபம். (இது சரி. இங்கிருந்து போகலாம்.)

3

அவனுக்குக் கோபம். அரங்க மேலாளர் காட்டிய சுவரொட்டியில் 'ஒற்றைக் கை அதிசயம்' என்றிருந்தது.

"வெறும் மேஜிக்னு போடுங்க சார்."

"அப்படிப் போட்டா யாருப்பா வருவா? சரி, முதல் ஷோ அசத்திக் காட்டு. மாத்துறேன்."

ஒப்பனை அறையில் அவன் மனைவி சட்டைக்கை மடிப்புக்குள் சின்னப் பை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். காணாமல் போவதெல்லாம் அதற்குள்தான் போகும்.* பதினோரு வருடமாக ஒருவரும் தொட்டதில்லை.

"இன்னைக்கு யாராவது தொட்டுட்டா?"

"தொடட்டும்."

"மானம் போயிடும். போஸ்டரும் மாறாது."

"மத்த மேஜிக்காரன எல்லாம் சட்டையக் கழட்டு, பையக் காட்டுன்னு சோதிக்கிறாங்க. என்னை ஒருத்தனும் சந்தேகப்படல. பாவமாம்! அந்தப் பாவத்துலதான் என் வித்தையே ஓடுது. வயிறு எரியுதுடி."

"அப்ப எதுக்குத் தினமும் நீட்டுறீங்க?"

"என்னைக்காவது ஒருத்தர் தொடுவாங்கன்னுதான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

4

முதல் முடிவு: யாரும் தொடவில்லை. சுவரொட்டி மாறுகிறது. அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது முடிவு: ஒரு பெண் தொடுகிறாள். மோதிரம் உருண்டு விழுகிறது. "ஏமாத்துக்காரன்!" என்று கூச்சல். அவன் முகத்தில் பெரிய சிரிப்பு. (இந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. திரை ஓரத்தில் நிற்கும் மனைவியைப் பார்த்த பிறகு எப்படிச் சிரிப்பான்?)

* அந்தப் பை என் ஊகம். உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

5

என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் மேடைக்கு வாருங்கள். மோதிரத்தைக் கழற்றிக் கொடுங்கள். அது போய்விட்டது. சட்டைக்கை உங்கள் முன்னால் நீள்கிறது. திரை ஓரத்தில் அவன் மனைவி நிற்கிறாள். அவன் உங்கள் கண்ணையே பார்க்கிறான்.

"தொட்டுப் பாருங்க."

தொடுங்கள், தொடாமல் போங்கள், உங்கள் இஷ்டம். 'பரவாயில்லைங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நான் சொல்லியாகிவிட்டது.