கரண்டி மூக்கு உள்ளானுக்கு இரண்டு சாட்சி

அந்தக் கடற்கரையில் பறவை எண்ணுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. அபூர்வமான பறவை என்றால் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்ததைப் பென்சிலில் எழுதி ஓரங்கட்டிவிடுவார்கள்; பட்டியலில் சேராது.

தங்கை பதின்மூன்று வயதிலிருந்து அண்ணனோடு எண்ணப் போனவள். அவன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி எண்ணைச் சொல்வான். அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவாள். அவன் வேலை மாற்றிக்கொண்டு, ரயிலில் ஒரு முழு நாள் தூரத்துக்குக் குடும்பத்தோடு போய் இரண்டு வலசைக் காலம் ஓடிவிட்டது. "அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேன்" என்று மட்டும் மாதம் தவறாமல் சொல்வான். இப்போது அவளே சொல்லி, அவளே திருப்பிச் சொல்லி, அவளே எழுதுகிறாள். தொலைநோக்கியின் முக்காலியைக்கூட அவன் உயரத்திலிருந்து இறக்கவில்லை. ஒரு செங்கல்லைப் போட்டு ஏறி நின்றுதான் பார்க்கிறாள்.

பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமுக்குத் தக்கபடி இழைக்க வேண்டும். ஒன்றையே மூன்று தரம் அளப்பாள்.

"ஊர்க் கண்ணையெல்லாம் சரி பண்றே. உன் கண்ணை மட்டும் நம்ப மாட்டேங்கறே" என்பார் கடைக்காரர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், கடல் வற்றிய சேற்றில் சின்ன உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டிச் சேற்றைத் துழாவியது. அது திரும்பியபோது மூக்கின் நுனி கரண்டியாக விரிந்திருந்தது. அண்ணன் பதினோரு வருஷம் தேடியும் கண்ணில் படாத பறவை. நான்கு நிமிடம் பார்த்தாள். ஃபோனை எடுத்து லென்ஸில் வைப்பதற்குள் ஏதோ ஒரு படகின் சத்தத்துக்குக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டது.

செங்கல்லை விட்டு இறங்கிய கையோடு அபூர்வப் பறவைக்கான படிவத்தை நிரப்பி, கடைக்குப் போகிற வழியில் பட்டியல் போடுகிறவர் வீட்டில் கொடுத்துவிட்டாள். எதையும் மூன்று தரம் பார்க்கிறவள் அதை ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாரப் பட்டியல் எல்லார் ஃபோனுக்கும் வந்தது. கரண்டி மூக்கு உள்ளான், ஒன்று. பார்த்தவர்கள்: முதலில் அண்ணன் பெயர், கீழே அவள் பெயர். அண்ணன் கூட வந்த காலத்தில் அந்தப் படிவத்தை எப்போது நிரப்பினாலும் அந்த வரிசையில்தான் எழுதுவாள். கை தானாக எழுதியிருக்கிறது.

மத்தியானம் அண்ணனே கூப்பிட்டான்.

"ஏ குட்டி, நான் எப்ப அங்க வந்தேன்?"

"தெரியாம எழுதிட்டேண்ணா. கைப்பழக்கம்."

"மூக்கு நெசமாவே கரண்டிதானா?"

"நெசமா."

"கால்?"

"கறுப்பு."

"சேறு ஒட்டி மூக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

"நாலு நிமிஷம் பார்த்தேண்ணா. சேறுன்னா எனக்குத் தெரியாதா?"

"பேரை எடுக்காத குட்டி. இருந்துட்டுப் போகட்டும். நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதான். நாம என்ன வேற வேற ஆளா?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்று ஒரு லென்ஸைக் கோணலாக இழைத்துத் தூக்கிப் போட்டாள்.

மறுநாள் பட்டியல் போடுகிறவர் வீட்டுக்குப் போனாள். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. எல்லாரும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சந்தேகம்'. அவருக்கும் அது தெரியும்.

"சார், அன்னிக்கு அண்ணன் என்கூட இல்ல. நான் மட்டும்தான். பேரு இருக்கட்டும்னுதான் அவன் சொல்றான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "லீவுல வந்திருக்கான்னுல்ல நினைச்சேன். பேரை எடுத்தா பறவையும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நீ பார்த்ததுல எனக்கே சந்தேகமில்ல. அவனும் ஒண்ணும் சொல்லலேங்கிறே. அப்புறம் எதுக்கும்மா?"

அவள் வாசல்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வந்ததா எழுதிட்டா, அப்புறம் அவன் வரவே வேண்டாம்னு ஆயிடும் சார்."

சந்தேகம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பெரிய நோட்டை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். பென்சிலைச் சீவி, ஓரத்தில் அவள் பெயரை மட்டும் எழுதினார்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். 'பேரை எடுத்துட்டேன். நீ இன்னும் அதைப் பார்க்கல.' அதற்குக் கீழே தண்ணீர் வற்றும் நேரங்களை எழுதினாள். வியாழன் ஆறு இருபது. வெள்ளி ஏழு ஐந்து. சனி ஏழு ஐம்பது. செய்தியைப் பார்த்துவிட்டான் என்று ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை. கோபமாக இருக்கும். டிக்கெட் பார்க்கிறானோ என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆறு இருபதுக்குச் சேற்றோரம் செங்கல்லின் மேல் ஏறி நின்றாள். உள்ளான்கள் வந்திருந்தன. ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாம் ஊசி மூக்கு.

"நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்றாள்.

இந்த முறை அவளே அதைத் திருப்பிச் சொல்லவில்லை. பென்சிலை நோட்டில் வைத்தபடி, திருப்பிச் சொல்லும் குரலுக்குக் காத்திருப்பவள்போல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.