மூலையில்லாத கேக்

1.

இந்தக் கதை எனக்குப் பேக்கரி வாசலில் கிடைத்தது. பாண் வாங்கத்தான் போயிருந்தேன். 1994ஆம் ஆண்டு, உருத்திரபுரம், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல்நாள் காலை. உள்ளே நீள மேசையில் ஊர்வீடுகளின் கேக்குகள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கேக்கிலும் ஒரு மூலை இல்லை. ஒரு பெண் மேசையோரமாக நடந்து, ஒவ்வொன்றின் மேலும் குனிந்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடையது எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சம் என் கற்பனை. அவளுக்குச் சுசிலா என்று பெயர் வைக்கிறேன்.

சங்கக் கட்டடத்துப் பின்னறையில் நடக்கும் மாலை வகுப்பில் நாங்கள் நாட்குறிப்பும் கதையும் எழுதப் பழகுகிறோம். கதைக்கு வாத்தியார் சொன்ன ஒழுங்கு: முதலில் ஆள், பிறகு இடம், பிறகு வில்லங்கம். ஆளும் இடமும் வந்துவிட்டன. வில்லங்கத்தைத் தேடவேண்டும்.

2.

தொடக்கம் ஒன்று: "மார்கழிக் குளிர்காற்று இரணைமடுவின் அலைகளைத் தழுவி வந்து—"

(நிறுத்திவிட்டேன். சுசிலாவுக்குக் குளத்தைப் பார்க்க நேரமில்லை. ரவை வறுத்துக்கொண்டிருக்கிறாள், கருகிவிடும்.)

தொடக்கம் இரண்டு: "போர்—"

(இதையும் நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லை முதலில் வைத்தால் மற்ற எல்லாவற்றையும் அது தின்றுவிடும். கேக் மிஞ்சாது.)

தொடக்கம் மூன்று: "சுசிலா வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்."

இது இருக்கட்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த வரியைப் படித்ததும் "ஐயோ" என்பார்கள். மற்றவர்களுக்கு அடுத்த பகுதியில் விளக்கம் இருக்கிறது.

3.

சுசிலாவும் அவள் புருஷன் மத்தேயுவும் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். அங்கே சொந்த வள்ளம் வைத்திருந்தார்கள். இங்கே மீனம்மாவின் வளவுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில். மத்தேயு இப்போது குளத்தில் வலை போடுகிறான். உப்பில்லாத தண்ணீரில் பிடிபடுவதை மீன் என்று சொல்ல அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை.

மீனம்மா மலைநாட்டுக்காரி. இவர்களுக்கு வெகு முன்னரே வந்து, காடு வெட்டி, வயல் செய்து, கோழியும் வளர்த்து ஊன்றிக்கொண்டவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அது மீனம்மாவின் வளவில் இருந்தது.

தீபாவளியன்று மீனம்மா ஒரு தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும் வேலிக்கு மேலால் நீட்டினாள். பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒரு பிடி சீனி, இரண்டு வாழைப்பழம், அதற்கும் வழியில்லையென்றால் நாலு பச்சைமிளகாய். ஏதாவது ஒன்று தட்டில் இருக்கவேண்டும். சுசிலாவின் கரையில் கருவாடு வைப்பார்கள்.

அவளிடம் அன்றைக்கு இருந்ததும் கருவாடுதான். பழைய ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பாரைக் கருவாடு. அதைத் தாளில் சுற்றித் தட்டில் வைத்துவிட்டாள். படலை வரை போன பிறகுதான் ஞாபகம் வந்தது: தீபாவளி கழிந்தால் கந்தசஷ்டி, சைவ ஆட்கள் விரதம் பிடிக்கும் நாட்கள். விரதக்காரியின் கையில் கருவாட்டைக் கொடுப்பதா? திரும்பி வந்து எடுத்துவிட்டாள். தட்டை மறுபடியும் சாம்பல் போட்டு மினுக்கி, மீன் மணம் துளியும் இல்லாமல் கழுவித் துடைத்து, வேலிக்கு மேலால் கொடுத்தாள்.

மீனம்மா தட்டைப் பார்த்தாள். திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

அதோடு கதை பேச்சு நின்றது.

* இந்த இடத்தில் எனக்குச் சுசிலாமேல் சந்தேகம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நாட்குறிப்பில் ஒரு பக்கம் முழுவதும் இதை யோசித்தேன். விரதத்தைச் சொன்னால் கருவாட்டைச் சொல்லவேண்டும். கருவாட்டைச் சொன்னால், வீட்டில் வேறொன்றும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். வள்ளம் வைத்திருந்த வீட்டுக்காரிக்கு அது வாயில் வராது. இப்படி எழுதிப் பார்த்தபோதுதான் அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

அன்றிலிருந்து மீனம்மா வயலுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் சுசிலா தண்ணீர் அள்ளினாள். மீனம்மா வாளியை மட்டும் எப்போதும் கிணற்றுக்கட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதைக் கோபம் என்று எடுப்பதா, வேறென்னவென்று எடுப்பதா? சுசிலாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

4.

அந்த வருஷம் பொருளாதாரத் தடை தளர்ந்து மாவும் சீனியும் கொஞ்சம் வரத் தொடங்கியிருந்தன. நத்தாருக்குக் கேக் போட்டு மீனம்மாவுக்கு ஒரு தட்டுக் கொடுப்பது என்று சுசிலா முடிவெடுத்தாள். வெறுந்தட்டுக்கு மருந்து நிறைந்த தட்டுத்தான்.

"முட்டைக்கு எங்க போறது?" என்றான் மத்தேயு.

"மீனம்மாக்காட்ட. நீங்கள் போங்கோ."

"கோவம் உனக்கும் அவாவுக்கும். நடுவில நான் என்னத்துக்கு?"

"அதுக்குத்தான் உங்களைப் போகச் சொல்லுறன். கேக்குக்கெண்டு சொல்லிப்போடாதேங்கோ. உங்கட உடம்புக்கெண்டு சொல்லுங்கோ."

போனவன் முட்டைகளைச் சாரத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்தான். முகம் சரியில்லை.

"உடம்புக்கு என்னவெண்டு கேட்டா. நான் அதை யோசிச்சுக்கொண்டு போகேல்லை. முழங்கால் எண்டிட்டன்."

"முழங்காலுக்கு முட்டையோ!"

"அவாவும் அப்பிடித்தான் கேட்டா. ஆனா பெரிசாப் பொறுக்கித்தான் தந்தவா."

பப்பாசிக்காயைப் பொடியாக வெட்டி, சீனிப்பாகில் காய்ச்சி, பீற்றூட் சாற்றில் ஊறவிட்டால் செரிப்பழம். ரவையும் மாவும் மாஜரினும் ஏலமும் சேர்ந்தன. முட்டை அடிக்கும் வேலை மத்தேயுவுக்கு.

"துடுப்பு வலிக்கிற மாதிரி அடிக்காதேங்கோ. ஒரே பக்கமா அடியுங்கோ."

"ஒரே பக்கமா வலிச்சா வள்ளம் சுத்தும்."

"சுத்தட்டும். அதுதான் வேணும்."

(வாத்தியார் இந்தப் பேச்சை வெட்டச் சொல்வார். கதையை முன்னால் நகர்த்தவில்லையாம். விட்டுவைக்கிறேன். இவர்கள் சிரித்து நாளாகிறது.)

5.

இனிப் போறணை. பேக்கரிக்கார வீரகத்தி பாண் இறக்கிய பிறகு, போறணையின் மிச்சச் சூட்டில் ஊராருடைய கேக்குகளை வேகவைத்துக் கொடுப்பார். கூலி கிடையாது. ஒவ்வொரு கேக்கிலும் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

கேக் தகரங்கள் எல்லாம் நிவாரண எண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒரே ஆள் அடித்தவை. ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. பெயர் எழுதிக் கடதாசி வைத்தால் கருகிப்போகும். ஆகவே பெண்கள் மாவிலேயே ஓர் அடையாளம் வைப்பார்கள்: ஒருத்தி ஒரு கஜுப் பருப்பு, இன்னொருத்தி ஏலக்காய். சுசிலா ஒரு கராம்பு குத்தினாள்.

எங்கே குத்தினாள்? மூலையில். எல்லோருமே மூலையில்தான். நடுவில் வைத்தால் கேக்கின் முகம் கெட்டுவிடுமே.

முந்திய வருஷங்களில் கேக் போட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான், ஆளைப் பார்த்தே கேக்கை எடுத்துக் கொடுத்துவிடலாம். இந்த வருஷம் போறணை நிறைந்துவிட்டது. வீரகத்தியும் வழக்கம்போலத் தம் பங்கை எடுத்தார். எந்த மூலையை எடுப்பார்? கஜு இருக்கிற மூலையை விட்டுவிட்டு வெறும் மூலையை எடுக்க அவருக்கென்ன விசரா?

"அண்ணை, என்ர கேக் எது?"

"அடையாளம் என்ன பிள்ளை?"

"மூலையில ஒரு கராம்பு."

வீரகத்தி நாக்கால் பல்லைத் துழாவினார். "ஓம் ஓம். கராம்பு ஒண்டு கடிபட்டதுதான். நல்ல காரம்."

"எந்தக் கேக்கில?"

"அதைக் கவனிக்கேல்லைப் பிள்ளை. மூலைதான் ஞாபகம் இருக்கு."

6.

மணந்து பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வெட்டியதுமே தெரிந்துவிட்டது. உள்ளே பப்பாசி இல்லை. அசல் திராட்சை வற்றலும் கஜுவும் நெருக்கமாகக் கிடந்தன. சைக்கிளில் மத்தேயுவைப் பேக்கரிக்கு அனுப்பினாள். அதற்குள் மேசை காலி. எல்லோரும் ஏதோ ஒன்றைத் தங்களுடையது என்று எடுத்துப் போயிருந்தார்கள்.

"இது எங்கடையைவிட நல்ல கேக்," என்றான் மத்தேயு, இரண்டாம் துண்டை எடுத்தபடி. "பேசாமக் குடு. இதில பேர் எழுதியோ கிடக்கு?"

சுசிலா மிச்சக் கேக்கை மூடி வைத்தாள். மீனம்மாவின் முட்டை இந்தக் கேக்கில் இல்லை. முதலில் வெறுந்தட்டு. இப்போது யாரோ ஒருத்தியின் கைப்பாட்டைத் தன்னுடையது என்று நீட்டினால், அதுவும் வெறுந்தட்டுத்தானே?

இங்கே எனக்கு வழி பல.

(அ) மீனம்மாவும் இரகசியமாக ஒரு கேக் போட்டிருக்கிறாள். இருவருடையதும் மாறிவிட்டன. அவளுடைய கேக்கையே அவளுக்குச் சுசிலா கொடுக்கிறாள். எழுதி முடித்து வாசித்தேன், தகரக்காரர் அளவெடுத்து அடித்ததுபோல இருந்தது. கிழித்துவிட்டேன். மீனம்மா கேக் போடுகிற ஆளும் இல்லை. அவளுக்குக் கேக் என்றால் சீனி போட்ட பாண்.

(ஆ) சுசிலா பொய் சொல்லிக் கொடுக்கிறாள். அப்படியே எழுதினேன். நான் சொன்னபடி வேலி வரை போனாள். அங்கே நின்றாள். வாய் திறக்கவே இல்லை. அரை மணித்தியாலம் பேனையோடு காத்திருந்தேன்.

பிறகு அவளாகவே வேலியை விட்டு, மீனம்மாவின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

7.

நத்தார் காலை. பூசை முடிந்து, உடுத்த சீலையோடு வந்திருந்தாள் சுசிலா, கையில் கேக் தட்டு. மீனம்மா கோழிகளுக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள்.

"மீனம்மாக்கா, இது என்ர கேக் இல்லை."

மீனம்மா நிமிர்ந்தாள். "அப்ப யாரோட கேக்கு?"

"தெரியாது."

"ஒன்னோடது எங்க?"

"அதுவும் தெரியாது. உங்கட முட்டையும் அதோட போயிட்டுது."

"எந்த முட்ட? முழங்காலுக்குப் போச்சே, அந்த முட்டையா?"

சுசிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தக் குழப்பத்தில், இத்தனை நாளும் வராத சொல் வழுக்கி விழுந்தது. "அண்டைக்குத் தட்டில கருவாடு வைச்சனான் அக்கா. நீங்கள் சஷ்டி விரதமெண்டு எடுத்திட்டன். வேற ஒண்டும் வீட்டில இருக்கேல்லை."

"சஷ்டியா? நானா?" மீனம்மா தவிட்டுக் கையை உதறினாள். "ஒரு வேள சோறு தப்பினாலே எனக்குக் கண்ணு இருட்டும். நான் என்னைக்குப் புள்ள விரதம் இருந்தேன்? என்ன கருவாடு?"

"பாரை."

"பாரையா! அடி கூறுகெட்டவளே. பாரக் கருவாட்ட உள்ள வச்சுக்கிட்டா எனக்கு வெறுந்தட்டக் குடுத்த?" இப்போதுதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. "இன்னும் இருக்கா?"

"அவர் திண்டிட்டார்."

"முழங்காலுக்கு நல்லதுதான்."

மீனம்மா ஒரு துண்டு கேக்கைக் கடித்தாள். மெதுவாக மென்றாள். "நல்லாத்தான் இருக்கு. சுட்டவ யாரோ, பாவம்." பிறகு தட்டை வாங்கிக் குசினிக்குள் வைத்தாள். "தட்டு இருக்கட்டும். பொழுதுபடக் குடுத்தனுப்புறேன்."

8.

பொழுதுபட, சுசிலாவின் கொட்டில் வாசலில் தட்டு வந்திருந்தது. மேலே ஒரு வாழையிலை மூடியிருந்தது. கொண்டுவந்து வைத்தவரைக் காணவில்லை.

மீனம்மா பகிடி விட்டாள் என்பதற்காக மனம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. பகிடிக்காரிகள் கணக்குத் தீர்ப்பதும் உண்டு: வெறுந்தட்டுக்கு வெறுந்தட்டு. அல்லது முட்டையாக இருக்கலாம், அதிரசமாக இருக்கலாம். இலை கொஞ்சம் மேடாகத்தான் தெரிகிறது. ஆனால் வாழையிலை தானாகவும் அப்படி நிற்கும்.

"தூக்கிப் பாரன்," என்றான் மத்தேயு.

"நீங்கள் பாருங்கோ."

"எனக்கோ வந்தது?"

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வகுப்புக்கு நேரமாகிறது, வாத்தியார் முடிவைக் கேட்பார். நானும் பல தடவை இலைக்குக் கீழே எதையெதையோ எழுதி வைத்துப் பார்த்தேன். எல்லாம் என் வீட்டுப் பண்டமாகவே இருந்தன. மீனம்மாவின் கையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே இலையைத் தூக்காமல் தட்டை இப்படியே வேலிக்கு மேலால் உங்களிடம் தருகிறேன். வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதை மூன்றாம் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன்.

கருவாடென்றாலும் வையுங்கள். நான் விரதமில்லை.