யாரும் வண்டியைத் தள்ளக்கூடாது

எங்கள் எர்ணாவூர்த் தெருவில் ஒரு வண்டி நின்றுபோனால் போதும், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு நாலு பேர் ஓடிவருவார்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணி அனுப்பினால்தான் அவர்களுக்கு அந்தச் சோறு இறங்கும். இந்த நல்ல மனசை நான் எப்போதும் மெச்சுகிறவள்தான். ஆனால் புயல் மழைக்கு மறுநாள் அதுவே எனக்குப் பெரிய பேஜாராகிவிட்டது.

எங்கள் லோடு வண்டி ராத்திரியெல்லாம் வெள்ளத்தில் நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் அமீருதீன் காசிமேட்டிலிருந்து ஹோட்டல்களுக்கு மீன் ஏற்றுகிற வண்டி. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அதை நம்பித்தான். தண்ணீர் வடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"இன்னாத்துக்கு மரியம் மூஞ்ச தொங்கப்போட்டுகினு கீற? ஃபுல் இன்சூரன்ஸ் கீது. எது போனாலும் கம்பெனிக்காரன் குடுப்பான்."

எனக்கு அந்த 'ஃபுல்' மேல் நம்பிக்கை வரவில்லை. பாலிசி போட்டுக்கொடுத்த நீலாவுக்கு போன் போட்டேன்.

"வெள்ளத்துல கெட்டதுக்கு உண்டுக்கா," என்றாள் நீலா. "ஆனா இன்ஜினுக்குள்ள தண்ணி இருக்கும்போது நீங்களா ஸ்டார்ட் பண்ணி, அதனால இன்ஜின் உடைஞ்சா கிடையாது. வெள்ளம் உடைக்கல, நீங்கதான் உடைச்சீங்கன்னுடுவாங்க. அதுக்குத் தனியா காசு கட்டி ஒரு கவர் எடுக்கணும். அண்ணன்தான் வேணாம்னுட்டாரு. சாவியே போடாதீங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணாலும் அதே கதிதான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பீம்ராவும் சுடலைராஜும் இன்னும் சில தோஸ்துகளும் வண்டியின் முதுகில் கைவைத்து நிற்கிறார்கள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர், "கியர் போட்டுக்கினேன், தள்ளுங்கடா!" என்று கத்துகிறார்.

சேற்றில் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். "எவனாச்சும் தள்ளுனீங்க, என் மேல ஏத்திட்டுத்தான் போவணும், சொல்ட்டேன்!"

"ஒரே தள்ளு அண்ணி, ஸ்டார்ட் ஆயிடும்," என்றான் பீம்ராவ்.

"அதாண்டா ஆவக் கூடாதுன்றேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. "இருபது வருசமா வண்டி ஓட்டிகினு கீறேன். எனக்கே பாடம் எடுக்குறியா?"

"ஓட்டுங்க, யாரு வேணான்னா? இப்ப ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா நயா பைசா வராதாம் மச்சான். நம்ம பொழப்பே பூடும்."

கோபமாகத்தான் ஆரம்பித்தேன். பாழாய்ப்போன அழுகை நடுவில் வந்துவிட்டது. அவர் இறங்கிவந்து சாவியை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கோபம் என்னோடுதான், நான் ஆக்கின குழம்போடு இல்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

விடியற்காலையில் பக்கத்தில் ஆளைக் காணோம். பீரோவில் இருந்த இன்னொரு சாவியையும் காணோம். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், கையில் சாவி.

"போட்டுட்டீங்களா?"

"போடத்தான் வந்தேன்," என்றார் மெதுவாக. "மெயின் ரோட்டுல மீன் வண்டிங்க போற சத்தம் கேட்டுச்சு, மனசு நிக்கல. ஆனா நேத்து நீ அழுதுகினே நின்னியே, அது கண்ணு முன்னாடியே கீது. போடல."

நம்புவதா வேண்டாமா என்று அவர் கண்ணைப் பார்த்தேன். நம்பினேன். இருந்தாலும் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

நீலா சொன்னபடி ஸ்டார்ட் பண்ணாமல், தோஸ்துகளோடு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து, திருவொற்றியூரில் ஜார்ஜ் மெக்கானிக் ஷெட்டில் விட்டோம். சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயரும் வந்தார். ஜார்ஜ் இன்ஜின் மேலே சொருகியிருந்த பாகங்களைக் கழற்றிவிட்டுக் கையால் மெல்லச் சுற்றியதும், உள்ளே இருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பீம்ராவ் நாலடி பின்னால் துள்ளினான்.

"ஒரு தபா ஸ்டார்ட் பண்ணியிருந்தா உள்ளாற மொத்தமும் நொறுங்கியிருக்கும்," என்றார் ஜார்ஜ். "சுத்தம் பண்ணா போதும். இன்ஜின் தப்பிச்சுது."

சர்வேயர் தலையாட்டினார். "யாரும் ஸ்டார்ட் பண்ணல, நல்லதாப் போச்சு. சுத்தம் பண்றது, வயரிங் மாத்துறது எல்லாம் பாலிசியில வந்துடும். வண்டி ஓனர் யாரு?"

என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் போனார். அப்புறம் நின்று, என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"வண்டி எம்பேர்லதான் சார் கீது. ஆனா ஓனரு இவுங்கதான்."

தோஸ்துகள் விசிலடித்தார்கள். "வாய மூடுங்க மச்சான்," என்று அவரை அதட்டினேன். சந்தோஷத்தில் நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.